ஆறாவது பொத்தான்

பிப்ரவரி 11

அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் பொம்மைப்படத் தொடரின் முப்பத்தோராம் எபிசோடு, பதினான்காம் நிமிடம். அந்தப் பையன் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியை விட்டுக் கையை எடுக்கிறானே, அந்த ஒரே ஒரு படத்தில் மட்டும் அவன் கைமடிப்புக்குப் பின்பக்கம் ஒரு பொத்தான். சட்டையின் முன்னால் ஐந்து, இது ஆறாவது. அடுத்த படத்தில் காணோம். முழுசாக இரண்டு சாயங்காலம் தேடினேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும்தான் பார்த்தேன், ஆட்ட விதியை மீறவில்லை. பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் "கடைசி வரி தெரியுதா சார்?" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை காய்ந்த பிறகு இந்த வேலை.

முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடியது. வழக்கம்போல எல்லார் பெயரும் இருந்தது, உன் பெயரைத் தவிர. உங்கள் ஸ்டுடியோவின் பெயர் மட்டும் ஒரு மூலையில் வந்து ஓடிப்போனது. எனக்கு வயிறெரிகிறது. ஜப்பானிலிருந்து பெரிய கலைஞர் ஒருவர் காலைத் தூக்கும் படம் ஒன்றும் காலை ஊன்றும் படம் ஒன்றும் வரைந்து அனுப்புகிறார். நடுவில் வருவதெல்லாம் உன் கை. அந்தப் பையனை ஓட வைப்பது நீ, பெயர் அவருக்கு. ஆறு வருஷமாக இதைச் சகித்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருக்கிறாய்?

இன்னொன்று. போன அக்டோபரிலிருந்து நீ ஏன் கடிதத்தை டைப் அடித்து அனுப்புகிறாய்? உன் பீச்சாங்கைக் கோழிக்கிறுக்கல் இல்லாமல் எதைப் படித்தாலும் பேங்க் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. போனையும் எடுப்பதில்லை.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. தையல் கடையில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறார். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. நீ கிளம்பிய அன்று "வரைஞ்ச சட்டையை எவன் போடுவான்?" என்றாரே, அதோடு அவர் கணக்கில் பேச்சு முடிந்துவிட்டது.

கடைசியாகச் சொல்ல வேண்டியதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ஸ்டுடியோவில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பார்த்தேன். மனுப் போட்டுவிட்டேன்.

ஒண்ணரைக்கண்ணு

மார்ச் 2

அடியே ஒண்ணரைக்கண்ணு,

ஒரு கைமடிப்பைப் பார்க்க இரண்டு சாயங்காலமா? வயசாகிவிட்டதடி உனக்கு.

நாள் முழுக்கக் கோடு இழுத்துவிட்டு வந்தால் பேனாவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் டைப் அடிக்கிறேன், இதில் துப்பறிய ஒன்றுமில்லை. போனை ஸ்டுடியோ வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

வேலை நன்றாகப் போகிறது. கண்ணாடி பதித்த மேசை, அடியிலிருந்து விளக்கு, மூன்று துளை போட்ட தாள்கள், இடுப்பளவு ரப்பர் தூள். என் எதிர்மேசையில் ஒருத்தி இருக்கிறாள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஆறு வருஷமாக நானும் அவளும் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருக்கிறோம். என் மூக்கில் பரு வந்தால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். நமது பொத்தான் விஷயம் இங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

முந்தாநாள் அவளிடம் உன் ஒட்டுக்கண் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு ஐந்து வயசு. நல்ல கண்ணில் பிளாஸ்திரி ஒட்டி, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். நீ பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுக் கடையே அதிர அழுதாய். நம் ஜப்பான் காமிக்ஸ் பக்கங்களில் நான் ஒரு குட்டிப் பொத்தானை எங்காவது வரைந்து ஒளித்து வைத்தேன். கண்டுபிடிக்கும்வரை பிளாஸ்திரியைத் தொடக் கூடாது என்பது விதி. ஏன் பொத்தான் என்று அவள் கேட்டாள். அப்பா தைக்கிற ஒவ்வொரு சட்டையிலும் முன்னால் ஐந்து பொத்தானும், கீழ்மடிப்புக்கு உள்ளே யாருக்கும் தெரியாமல் உபரியாக ஒன்றும் வைப்பார் என்றேன். "அஞ்சு ஊருக்கு, ஒண்ணு நமக்கு" என்று அவர் சொல்வதைச் சொன்னேன். ரொம்ப ரசித்தாள்.

மனுவைத் திரும்ப வாங்கிவிடு. இங்கே குளிர் அதிகம், உனக்குச் சளி பிடிக்கும். தவிர அப்பாவுக்கு நூல் கோக்க ஆள் வேண்டும். சொன்னால் கேள்.

பீச்சாங்கை

ஏப்ரல் 6

அக்கா,

சளி பிடிக்குமாம். வேறு நல்ல பொய் கிடைக்கவில்லையா?

ஏறிய ஏணியை எட்டி உதைக்கிறாய். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று நீ எனக்குச் சொல்கிறாய், நீ! உனக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியம் பிடித்ததா? ஐந்தரை மணிக்குக் கடையிலிருந்த டிவியில் படம் போடும்போது பொத்தான் தைத்துக்கொண்டே இரண்டு பேரும்தானே வாய் பிளந்து பார்த்தோம். பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த புத்தகங்களை இரண்டு பேரும்தானே பொறுக்கினோம். ஓர் எழுத்துகூடத் தெரியாமல், வலதிலிருந்து இடதாக, படத்தை மட்டும் பார்த்துக் கதை கட்டினோம். ஏழாம் பாகம் கிடைக்கவே கிடைக்காமல் நாமே ஒரு ஏழாம் பாகம் வரைந்தோமே. பள்ளிக்கூடத்தில் "பொம்மைப்பட பைத்தியங்க" என்று கூப்பிட்டபோது உன்னை மட்டுமா கூப்பிட்டார்கள்?

தேர்வில் தேறிவிட்டேன், தெரிந்துகொள். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஓர் இடம் காலியானால் கூப்பிடுவார்கள்.

உன் ஒளித்து வைக்கிற லட்சணமும் இப்போது சரியில்லை. மூன்று வாரமாகப் பார்க்கிறேன். பத்தே நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. காலர் கீழே, பை மடிப்பில், முதுகில் என்று படுத்தி எடுத்தவள், இப்போது ஐந்தாம் பொத்தானுக்குக் கீழே நேர் வரிசையில் ஆறாவதை வைக்கிறாய். பொத்தி வைத்த வலது கண்ணுக்கே தெரிகிறது. என்னைக் குழந்தை என்று நினைத்துவிட்டாயா?

ஆனாலும் அது நல்லதுக்குத்தான். அவ்வளவு பளிச்சென்று இருந்ததால் அந்த மூன்று படங்களையும் எடுத்து, பொத்தானைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இணையத்தில் நம் ரசிகர் குழுவில் போட்டுவிட்டேன். "பெயர்ப் பட்டியலில் இல்லாத ஒரு கை இங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறது" என்று எழுதினேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. இரண்டே நாளில் நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக உன் கையை ஊர் பார்க்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒண்ணரைக்கண்ணு

ஏப்ரல் 21

எடுத்துவிடு. இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே எடுத்துவிடு. போனில் சொல்லலாம் என்று நாலு தடவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

அது நமக்குள் இருந்த விஷயம். யாரைக் கேட்டுப் போட்டாய்? "அஞ்சு ஊருக்கு" என்றால் ஆறாவது ஊருக்கில்லை என்று உனக்குத் தெரியாதா?

ஏதாவது நடப்பதற்குள் எடுத்துவிடு. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 5

அக்கா,

உன் கடிதம் கைக்கு வந்த அன்றே எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் அது நூறு இடத்துக்குப் போய்விட்டது. என் வாக்கியத்தை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். படமும் சிவப்பு வட்டமும் மட்டும் சுற்றுகின்றன. "சட்டைக்கு எத்தனை பொத்தான்னுகூட எண்ணத் தெரியாத ஸ்டுடியோ" என்று ஒருவன். "தொடர் உருப்படாமல் போனதுக்கு இதுதான் சாட்சி" என்று ஒருவன். "இவங்களைப் பொத்தான் தைக்க அனுப்புங்கப்பா" என்று ஒருவன் எழுதி, அதற்கு ஆயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள். நான் அதைப் படித்தபோது அப்பாவின் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை. பத்து வருஷமாக நானும் இதையேதான் செய்தேன். எங்கேயாவது ஒரு முகம் கோணியிருந்தால் அங்கே நிறுத்தி, பிடித்துப் போட்டு, சிரிக்க வைத்துப் பெயர் வாங்கினேன். குழுவில் எனக்கு "கழுகுக்கண்" என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். அதில் எத்தனை பெருமை எனக்கு, தெரியுமா?

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். தலையைக் குளிர வைத்துக்கொண்டு அந்த மூன்று படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் கோடு மேலேயிருந்து கீழே வரும்போது கொஞ்சம் தடித்து முடியும். இதில் அப்படி இல்லை. அக்டோபரிலிருந்து டைப் அடித்த கடிதம். நீ எடுக்காத போன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறாவது பொத்தானை நீ ஒரு நாளும் வரிசையில் வைக்க மாட்டாய். ஆட்டத்தைக் காதால் கேட்டவள்தான் அப்படி வைப்பாள், ஆடியவள் வைக்க மாட்டாள்.

அது நீ இல்லை. யார் அது? நீ எங்கே இருக்கிறாய்?

நேற்று ஸ்டுடியோவிலிருந்து அழைப்புக் கடிதம் வந்தது. திடீரென்று ஓர் இடம் காலியாகிவிட்டதாம். ஆகஸ்டு முதல் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்கிறார்கள். முன்பென்றால் தெருவெல்லாம் குதித்திருப்பேன். கடிதத்தைத் தையல் மெஷின் டிராயரில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை

ஜூன் 19

கண்ணு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. சோற்றுக்கையால் எழுதுகிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. எழுத்தெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

பீச்சாங்கை போய்விட்டது. போன வருஷம் இந்த ஊர் ஜூலை மழையில் கட்டைவிரல் அடியில் வலி ஆரம்பித்தது. எல்லாருக்கும் வருகிற வலிதான் என்று துணி சுற்றிக்கொண்டு வரைந்தேன். இங்கே தாளுக்குத்தான் கூலி, ஓய்வுக்கு இல்லை. அக்டோபரில் ஒரு காலை பென்சிலை எடுத்தேன், அது நிற்கவில்லை, விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. டாக்டர் நரம்பு செத்துவிட்டது என்றார். இப்போது தம்ளரை இரண்டு கையால் பிடித்துக் குடிக்கிறேன்.

அன்றிலிருந்து நான் வரைவதில்லை. வரைந்த தாள்களைப் பைகளில் போட்டு மாடிக்கும் கீழுக்குமாகச் சுமக்கிறேன். அந்த வேலையையும் எதிர்மேசைக்காரிதான் கெஞ்சி வாங்கித் தந்தாள். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தபோதெல்லாம் அப்பா சொன்னது காதில் விழுந்தது. வரைந்த சட்டையும் இல்லை, தைக்கவும் கையில்லை, எந்த முகத்தோடு வருவேன்? போனில் எனக்குப் பொய் சொல்ல வராது, உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பொத்தான் நின்றுவிட்டால் உனக்கு எல்லாம் தெரிந்துவிடுமே என்று ஒரு நாள் அவளிடம் அழுதேன். "அவ்ளோதானே, நான் வெக்கிறேன் விடு" என்றாள். அப்போது எங்கே வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆறாவது பொத்தான் என்று மட்டும் சொன்னேன். ஐந்துக்குக் கீழே ஆறு என்று அவள் வைத்தாள். அவள்மேல் என்ன தப்பு?

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்றே, காமிக்ஸில் ஆடிய அந்த ஆட்டத்தைத்தான் நாம் இன்னும் ஆடுகிறோம் என்று அவளுக்குச் சொன்னேன். வரிசையில் வைக்கக் கூடாது, தேட வைக்க வேண்டும் என்றேன். "அடப்பாவி, முதல்லயே சொல்றதுக்கென்ன? இப்போ பாரு உன் தங்கச்சியை எப்படித் திணற வெக்கிறேன்னு" என்று சிரித்தாள். அந்த வாரமே ஏதோ வைத்திருக்கிறாள். எங்கே என்று என்னிடமும் சொல்லவில்லை.

மே கடைசியில் ஜப்பானிலிருந்து அந்த மூன்று படங்களும் வந்தன, உன் சிவப்பு வட்டத்தோடு. மேற்பார்வையாளர் அவற்றைச் சுவரில் ஒட்டி எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். "யார் வேலை இது?" என்றார். நான் கதவருகே இரண்டு கையிலும் பையோடு நின்றிருந்தேன். "எனக்காகச் செய்தாள், நான்தான் செய்யச் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் இந்தப் பை சுமக்கிற வேலையும் போகும். கண்ணு, நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கையைத் தூக்கினாள். "கவனக்குறைவு சார்" என்றாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று தெரியும் அவளுக்கு.

அன்று மத்தியானமே மேசையைக் காலி செய்தாள். பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். இனி எந்த ஸ்டுடியோவும் அவளை எடுக்காது. இந்தத் தொழிலில் ஒரே ஊர்தான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

திடீரென்று ஓர் இடம் காலியானது என்று எழுதியிருந்தாயே. அது அவள் மேசை. உன்னைக் கூப்பிட்டிருப்பது அங்கே உட்காரத்தான்.

நீ கோபப்படுகிற மாதிரி நான் ஏணியை உதைக்கவில்லை. மேலே ஒன்றும் இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த ஐந்தரை மணிப் படங்களில் கோணியிருந்த முகங்களைப் பார்த்து நாம் எப்படிச் சிரிப்போம்! அதில் சிலதை வரைந்த கைகள் என்னுடையதைப் போலக் கிடந்திருக்கும். அப்போது நமக்குத் தெரியாது. இப்போதும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

நம் ஏழாம் பாகத்தை வைத்திருக்கிறாயா? கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் பெயரையும் பெரிசாக எழுதியிருந்தோம். என் பெயர் வந்த ஒரே புத்தகம் அதுதான். பத்திரமாக வை. எனக்கு அனுப்பாதே, பார்க்க முடியாது.

அக்கா

செப்டம்பர் 20

அக்கா,

மூன்று மாசமாகப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். என்ன எழுதினாலும் எனக்கு மன்னிப்புக் கேட்பதாகவே முடிந்தது. நான் கேட்க வேண்டியது உன்னிடம் அல்ல.

ஆகஸ்டு திங்கட்கிழமை நான் போகவில்லை. வேறு யாராவது அந்த மேசையில் உட்கார்ந்திருப்பார்கள், அது எனக்குத் தெரியும். நான் போகாததால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. ஆனாலும் அந்த எதிர்மேசை அக்கா சீவி வைத்துவிட்டுப் போன பென்சிலை எடுத்துக் கோடு இழுக்க என்னால் முடியாது.

எதிர்மேசை அக்காவின் முகவரியை உன்னிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. அவர் பெயரைக்கூட நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலில் உன் பெயர் இல்லை என்று அவ்வளவு சண்டை பிடித்தவள் நான்.

ரசிகர் குழுவிலிருந்து விலகிவிட்டேன். விலகுவதற்கு முன் ஒரு தடவை தேடிப் பார்த்தேன். அந்தத் தொடரின் பெயரைப் போட்டால் முதலில் வருவது என் சிவப்பு வட்டம்தான். அதை இனி யாராலும் அழிக்க முடியாது.

ஆனால் தொடரைப் பார்ப்பதை விடவில்லை. ஏப்ரலில் ஏதோ வைத்தார் என்று நீ எழுதியிருந்தாயே. வரைந்த படம் டிவிக்கு வர நாலைந்து மாசமாகும் என்று கணக்குப் போட்டு, ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு வாரமும் தேடினேன். வலது கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன், நிஜமாகவே. கண்ணாடிக் கடை முதலாளி என்னைப் பார்த்து, "என்னம்மா, கண்ணைச் சோதிக்கிறவளுக்கே கண்ணு போச்சா?" என்றார்.

போன வார எபிசோடு. ஒன்பது சாயங்காலம் ஆனது, அக்கா. உன் ஒளிப்புகூட என்னை இவ்வளவு படுத்தியதில்லை. அந்தப் பையன் பாலத்தில் எதிர்க்காற்றில் ஓடுகிறான். சட்டை படபடக்கிறது. ஒரே ஒரு படத்தில் சட்டையின் கீழ்மடிப்பு புரண்டு உள்பக்கம் தெரிகிறது. அங்கே, தையலை ஒட்டி, மடிப்புக்குள் இருக்கிறது. அப்பா வைக்கிற அதே இடம்.

நான் யாருக்கும் காட்டவில்லை. வட்டம் போடவில்லை.

அப்பாவுக்கு மட்டும் காட்டினேன். புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது, இப்போது நன்றாகப் பார்க்கிறார். கடையை மூடும் நேரத்தில் அந்தப் படத்தை நிறுத்தி, யார் வரைந்தது என்று சொல்லாமல் அவர் முன்னால் வைத்தேன். முதலில் சட்டைக் காலரைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"உபரிப் பொத்தான்" என்றார். "சரியான எடத்துல வெச்சிருக்கா."

உன் கையைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லும்வரை நான் சொல்லப்போவதும் இல்லை. அவர் படத்தின்மேல் விரலை வைத்துத் தடவினார், துணியைத் தடவிப் பார்ப்பாரே, அப்படி. ஆறு வருஷம் கழித்து உன்னைப் பற்றி முதல்முறையாகப் பேசினார்.

"இது உங்கக்கா கைதான். எனக்குத் தெரியாதா என் பொண்ணு கையி" என்றார்.

நான் திருத்தவில்லை, அக்கா. ஆமாம்ப்பா என்று சொல்லிவிட்டு அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

கண்ணு